கஞ்சி குடித்தவளின் ரத்தத்தில் நெய்

“பொய் சொல்றது நானா, என் ரத்தமா?” என்று சீதாலக்ஷ்மி கேட்டாள்.

அவளுக்குக் காய்ச்சல் கொதித்துக்கொண்டிருந்தது. உதடு வெடித்துக் கிடந்தது. மட்டாஞ்சேரி பஜாருக்குப் பின்னால் இருந்த அந்த நர்சிங் ஹோமில், கட்டிலருகே துப்பறியும் வாஞ்சிநாதன் கைகட்டி நின்றார். அவருடைய உதவியாளர் அம்பிளி, நோயாளிக்கென்று வாங்கி வந்த ஆரஞ்சை உரித்துத் தானே தின்றுகொண்டிருந்தாள்.

“அக்காவுக்குத்தான் வாய் கசக்குதே. வீணாப் போகக் கூடாதில்ல?” என்று நியாயம் வேறு பேசினாள்.

வாஞ்சிநாதன் அசல் துப்பறிவாளர் என்று சொன்னால் கொச்சியில் சிரிப்பார்கள். மாநகராட்சியில் எலி ஒழிப்புப் பிரிவில் இருபது வருஷம் மேஸ்திரியாக இருந்தவர். பஜார் கிடங்குகளில் மிளகு மூட்டையில் ஓட்டை போட்ட எலிகளைப் பிடித்த மனிதர், இப்போது ஆட்களைப் பிடிக்கிறார். அவருடைய பெயர்ப் போர்டு மலையாளத்தில் பெரிதாக, தமிழில் சின்னதாக. தமிழ் எழுத்தில் ஒரு கால் விட்டுப்போயிருக்கிறது என்பதே அம்பிளிக்குத் தெரியாது. அவள் மட்டாஞ்சேரித் தமிழ் வீட்டுப் பெண், வாசிப்பது மலையாளம்.

சீதாலக்ஷ்மி அவர்களுடைய தெருக்காரி. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் புற்றுநோய் வந்து ஒரு கிட்னியை எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருக்கிற நோய்க்கு வாரம் மூன்று ஊசி. அந்த ஊசி போட்டாலே காய்ச்சல் வரும். அது மருந்தின் குணம், பயப்பட வேண்டியதில்லை என்பார்கள்.

“ஊசிக் காய்ச்சலை எனக்குத் தெரியாதா, அண்ணே? குளுர் வரும், நடுக்கம் வரும், விடியறப்போ வேர்த்து இறங்கிடும். விருந்தாளி மாதிரி வந்துட்டுப் போயிடும். இது அப்படியில்ல. இது குடியிருக்க வந்திருக்கு. டாக்டர் நம்ப மாட்டேங்கிறார்.”

டாக்டர் அபிலாஷ் சின்ன வயசுக்காரர், நல்ல மனுஷர்தான். பெரிய படிப்பு படித்தவர்களுக்கு வரும் அலுப்போடு விளக்கினார்.

“சேச்சிக்கு ஒரே ஒரு கிட்னி. கிருமிக் காய்ச்சல்னா பலமான ஆன்டிபயாட்டிக் கேத்தணும். வெறுதே, தேவையில்லாம கேத்தினா இருக்கிற கிட்னியும் போகும். கேத்தாம விட்டா, கிருமியாயிருந்தா ஆளே போகும். அதுக்குத்தான் ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு, புரோகால்சிடோனின்னு. கிருமி உள்ள புகுந்தா அது ரத்தத்துல சடசடன்னு ஏறும். மருந்தினால வர்ற காய்ச்சல்ல ஏறாது. நேத்து கலூர்ல உள்ள லேபுக்கு அனுப்பினேன். ஏறவே இல்ல.”

“ஓ, வாட்ச்மேன்!” என்றாள் அம்பிளி, வாய் நிறைய ஆரஞ்சோடு. “திருடன் சுவர் ஏறினா விசில் அடிப்பான். வீட்டுக்காரர் குடிச்சிட்டுக் கத்தினா கண்டுக்க மாட்டான்.”

“அதெ, ஆமா,” என்றார் டாக்டர். “அந்த வாட்ச்மேன் விசில் அடிக்கல.”

“வாட்ச்மேன் தூங்கியிருந்தா?” என்று வாஞ்சிநாதன் கேட்டார். “இன்னொரு தடவை ரத்தம் எடுத்துக் குடுங்க டாக்டர். நானே கொண்டுபோறேன். நேத்து மாதிரியே வந்தா உங்க காலைத் தொட்டு மன்னிப்புக் கேக்கறேன்.”

டாக்டர் தயங்கினார். பிறகு, கழுத்தோரம் பதித்திருந்த மருந்துக் குழாயிலிருந்தே ஒரு டியூப் ரத்தம் எடுத்து, பெயர் ஒட்டி, ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் வைத்துக் கொடுத்தார்.

“நேத்து யாரு கொண்டுபோனா?” என்று வாஞ்சிநாதன் போகிற போக்கில் கேட்டார்.

“வேற யாரு? பைஸ்டாண்டர்தான்.”

கேரளத்து ஆஸ்பத்திரிகளில் நோயாளி தனியாகப் படுக்க முடியாது. கூட இருக்க ஓர் ஆள், பைஸ்டாண்டர், இருந்தே ஆகவேண்டும். மருந்து வாங்க, கஞ்சி வாங்க, ரத்தத்தைத் தூக்கிக்கொண்டு ஓட, எல்லாவற்றுக்கும் அவர்தான். சீதாலக்ஷ்மிக்கு அது புருஷன் வெங்கிடாசலம். ரெண்டு வருஷமாக அந்தக் கட்டிலடியில் பாய் விரித்துப் படுத்த மனிதர். நர்சுகள் அவரைக் காட்டித் தங்கள் புருஷன்மார்களைத் திட்டுவார்கள். இந்தக் கார்த்திகையில் மனைவி பிழைக்க வேண்டுமென்று சபரிமலைக்கு மாலை போட்டுக் கறுப்பு வேட்டி கட்டியிருந்தார். இப்போது கோவில் குளத்தில் காலைக் குளியலுக்குப் போயிருக்கிறார்.

“அவர் வர்றதுக்குள்ள போயிட்டு வந்துடுங்க அண்ணே,” என்றாள் சீதாலக்ஷ்மி. “லேபை நான் சந்தேகப்படறேன்னு தெரிஞ்சா வருத்தப்படுவார். அவரே அலைஞ்சு குடுத்துட்டு வந்தது.”

மட்டாஞ்சேரி படகு ஜெட்டியில் போட் ஏறி, காயலைக் கடந்து, எறணாகுளத்தில் இறங்கி, பஸ் பிடித்துக் கலூருக்குப் போனார்கள். வழியெல்லாம் அம்பிளி பிளாஸ்க்கைக் கைக்குழந்தை போல மடியில் வைத்திருந்தாள்.

“சார், இதை யாராவது தட்டிவிட்டா?”

“உன்னைத் தட்டிவிட்டாலும் அதைத் தட்டிவிட விடமாட்டேன்.”

“பாசம்!” என்று அம்பிளி பெருமூச்சு விட்டாள்.

லேபில் சுஜித் என்ற டெக்னீஷியன் டியூபைச் சுற்றும் இயந்திரத்தில் போட்டு எடுத்தான். அடியில் சிவப்பு தங்கிவிட்டது. மேலே தெளிந்த மஞ்சள் நீர், நல்லெண்ணெய் மாதிரி பளிச்சென்று நின்றது. சுஜித் பேரைப் பார்த்தான். நெற்றியைச் சுருக்கினான்.

“இதே ஆளுதானே நேத்தும் வந்தது? சீதாலக்ஷ்மி?”

“ஏன், இன்னைக்கு முகம் மாறிடுச்சா?” என்றாள் அம்பிளி.

சுஜித் பிரிட்ஜைத் திறந்து, எடுத்து வைத்திருந்த நேற்றைய டியூபை இதன் பக்கத்தில் நிறுத்தினான். அம்பிளி சிரிப்பதை நிறுத்தினாள். ஒரே பெயர், ரெண்டு டியூப். ஒன்றில் தெளிந்த மஞ்சள். மற்றதில் மோர் போல வெள்ளையாய்க் கலங்கிய நீர்.

“கொழுப்பு,” என்றான் சுஜித். “வயிறு முட்டத் தின்னுட்டு உடனே ரத்தம் குடுத்தா இப்படி வரும். சில பேருக்கு ரொம்பவே வரும். நெய், கறி, நல்ல எண்ணெய். அந்த டெஸ்டுக்கு அது தடையில்லைன்னு விட்டுட்டேன்.”

“அந்தம்மா ஒரு வாரமாக் கஞ்சித்தண்ணியைத் தவிர ஒண்ணும் தொடல,” என்றார் வாஞ்சிநாதன் மெதுவாக.

“அப்போ இது அவங்க ரத்தம் இல்ல,” என்றான் சுஜித்.

அடப் பாவிகளா! என்றிருந்தது அம்பிளிக்கு. ஒரு பெண் சாகக் கிடக்கிறாள், அவள் பெயரை ஒட்டி, எவனோ விருந்து தின்றவனின் ரத்தத்தை அனுப்பியிருக்கிறார்கள். நல்ல ஆரோக்கியமான ரத்தம். அதனால்தான் வாட்ச்மேன் விசில் அடிக்கவில்லை. அந்த வீட்டில் திருடனே இல்லையே!

இன்றைய ரத்தத்தின் முடிவு வந்தபோது சுஜித் இன்னொரு தடவை இயந்திரத்தைச் சரிபார்த்தான். பிறகுதான் சொன்னான். அளவு பயப்பட வேண்டிய எல்லையைத் தாண்டி எங்கோ போயிருந்தது. கிருமி ரத்தத்திலேயே கலந்துவிட்டது.

வாஞ்சிநாதன் அங்கிருந்தே டாக்டருக்குப் போன் போட்டார்.

“இப்பவே கேத்தறேன்,” என்றார் டாக்டர். “பக்ஷே ஒரு முழு நாள் போயிடுச்சு. கிட்னி தாங்குமா, ஆள் தாங்குமா, சாயங்காலம்தான் சொல்ல முடியும்.”

“வார்டுல ஒரு நர்ஸ் கண்ணை எடுக்காம பக்கத்துலயே இருக்கட்டும். புருஷன் வந்தாலும் நகரக் கூடாது,” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

திரும்பும் போட்டில் அம்பிளி அவரைப் பிடித்துக்கொண்டாள்.

“புருஷன் வந்தாலும்னா? சார், சும்மா பறையாதீங்க. அந்த மனுஷன் மாலை போட்ட சாமி. முட்டை உடைக்கிற சத்தம் கேட்டாலே தெருவைக் கடந்து போறவர். இது கறி தின்ன ரத்தம். எனக்கென்னமோ வார்டுல டூட்டி பாத்த நர்ஸ் மேல சந்தேகம். நேத்து அவ டிபன்ல நெய்ச்சோறு இருந்துச்சு.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“பாதி நான்தானே தின்னேன்.”

“அப்போ உன் ரத்தத்தையும் பாக்கணும்,” என்றார் வாஞ்சிநாதன். “அம்பிளி, கிடங்குல எலியைத் தேடினா கிடைக்காது. ஓடிடும். அது என்ன தின்னுச்சுன்னு தேடணும். தின்ன ருசிக்கு மறுபடி வரும். இந்த எலி கறி தின்னிருக்கு. ஆனா அதை வெளிய சொல்ல முடியாத எலி. நர்ஸ் நெய்ச்சோறு தின்னா யாருக்கு என்ன? கறி தின்னதை மறைக்க வேண்டிய ஆள் ஒருத்தர்தான் இருக்கார்.”

அம்பிளிக்கு நம்ப மனம் வரவில்லை. அந்தக் கட்டிலடிப் பாயை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

சாயங்காலம் தீபாராதனைக்கு முன்னால் கோவில் பஜனை மண்டபத்துக்குப் போனார்கள். கறுப்பு வேட்டிச் சாமிகள் வரிசையாக நின்று சரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முன்னால் வீரபாண்டி குருசாமி. பதினெட்டு தடவைக்கு மேல் மலை ஏறியவர். அந்த வட்டாரத்துத் தமிழர்களுக்கு அவர் வைத்ததுதான் முறை. வெங்கிடாசலம் ரெண்டாவது வரிசையில் கண்ணை மூடி, உருகி உருகிச் சரணம் சொன்னார்.

“சாமி சரணம்,” என்று வாஞ்சிநாதன் அவரிடம் போனார். “நேத்து கலூருக்குப் போன ரத்தத்தை யாரோ மாத்தியிருக்காங்க சாமி. அதனால அதைத் தொட்ட கையெல்லாம் ஆளுக்கு ஒரு சொட்டு ரத்தம் குடுக்கணும். நர்ஸ் சம்மதிச்சுட்டாங்க. நானும் குடுக்கறேன். நீங்களும் குடுத்துட்டா பேரை அடிச்சுடலாம்.”

வெங்கிடாசலத்தின் கண் திறந்தது. “மாத்தினாங்களா? ஐயோ, என் சீதாவுக்கா? எந்தப் பாவி செஞ்சான்?” பிறகு தலையை ஆட்டினார். “ஆனா விரதத்துல ரத்தம் சிந்தக் கூடாது, அண்ணே. தீட்டு. மாலை போட்டதுல இருந்து ஊசியே என் மேல படல. மலைக்குப் போய்ட்டு வந்து குடுக்கறேன்.”

“அப்படியொரு விதி இருக்கா?” என்று குருசாமி திரும்பினார். “எனக்குத் தெரியாதே சாமி. போன வருஷம் நம்ம ஆளுங்க நாலு பேரு மாலையோட ரத்ததானம் பண்ணினாங்க.”

“விடுங்க குருசாமி,” என்றார் வாஞ்சிநாதன். “அவரவர் நம்பிக்கை. கட்டாயப்படுத்தக் கூடாது.”

அம்பிளிக்கு ஒரே எரிச்சல். இவ்வளவு தூரம் வந்து இப்படி விட்டுக்கொடுப்பாரா ஒருத்தர்? இதற்கு எலியே பிடித்துக்கொண்டிருக்கலாம்! கோபத்தில் வரிசையை வெறித்தாள். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. கற்பூரம் ஏற்றப் போகிற நேரம். சன்னதி முன்னால் நிற்கிற சாமிகள் அத்தனை பேரும் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டியிருந்தார்கள். சின்னப் பையன்கூடக் கட்டியிருந்தான். வெங்கிடாசலத்தின் துண்டு மட்டும் தோளிலிருந்து வலது கை வரை போர்த்தித் தொங்கியது.

அவள் குருசாமியின் காதருகே போய், வெகு பவ்யமாக, “அந்தச் சாமி துண்டைத் தோள்லயே போட்டிருக்காரே, அப்படியும் ஒரு முறை உண்டா சாமி?” என்று கேட்டாள்.

குருசாமிக்கு முறை தவறினால் பொறுக்காது. “சாமி! துண்டை இடுப்புல கட்டுங்க. எத்தனை வருஷமா வர்றீங்க?”

வெங்கிடாசலம் அசையவில்லை. பக்கத்துச் சாமி உதவி செய்கிற நினைப்பில் துண்டை இழுத்துவிட்டார். முழங்கை மடிப்பில் ஊசி குத்திய இடம் நீலம் பாய்ந்து, ஒரு பிளாஸ்திரித் துண்டு பாதி உரிந்து தொங்கியது.

“ஊசியே படலன்னீங்களே சாமி,” என்றார் வாஞ்சிநாதன்.

“அது... சுகர் டெஸ்ட். மறந்துட்டேன். ஜெட்டிப் பக்கம் ஒரு கம்பவுண்டர் எடுத்தான்.”

“ரிசல்ட்?”

“வரல.”

“வராது. அந்த டியூப் கலூர்ல இருக்கு, உங்க சம்சாரம் பேரோட. ஒரே ஒரு சந்தேகம்தான் சாமி. அந்த ரத்தம் வெள்ளையாக் கலங்கியிருக்கு. வயிறு முட்டத் தின்னவங்க ரத்தம்தான் அப்படி இருக்குமாம். நீங்களோ ஒரு வேளைச் சாப்பாட்டு விரதம்...”

“நான் கறி தொடல!” என்று வெங்கிடாசலம் அலறினார். “குருசாமி, சத்தியமாக் கறி தொடல!”

மண்டபத்தில் சரணம் நின்றுவிட்டது.

“கறின்னு நான் சொல்லவே இல்லையே,” என்றார் வாஞ்சிநாதன். “நெய்ப் பாயசமா இருக்கும்னு நெனச்சேன்.”

வெங்கிடாசலம் தடாலென்று குருசாமியின் காலில் விழுந்தார். “மன்னிக்கணும் சாமி! பிரியாணி தின்னுட்டேன். மாலையோட தின்னுட்டேன். ஊசி போட்டா எனக்குத் தலை சுத்தும். ரத்தம் குடுத்து மயங்கிட்டா மாட்டிக்குவேன்னு பயந்து, தெம்புக்காகத் தின்னேன். ஐயப்பன் என்னை மன்னிப்பானா சாமி?”

அம்பிளிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிரியாணிக்கு அழுகிறான்! ரெண்டு வருஷமாக வாரம் மூன்று ஊசி குத்திக்கொள்கிற பெண்ணைக் கொல்ல, ஒரே ஒரு ஊசிக்குப் பயந்து பிரியாணி தின்றிருக்கிறான். அவளைப் பற்றி ஒரு வார்த்தை வாயில் வரவில்லை.

குருசாமி காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். “கறி தின்னதுக்கு நெய் அபிஷேகம் பண்ணித் தொலைக்கலாம். மத்ததுக்கு?”

“ரெண்டு வருஷம், சாமி,” என்று தரையைப் பார்த்தே வெங்கிடாசலம் சொன்னார். “ஒவ்வொரு தடவையும் டாக்டர் கையை விரிப்பான். ஒவ்வொரு தடவையும் அவ பொழைச்சு வந்துடுவா. எல்லாரும் என்னைக் கும்பிடுவாங்க. நான் மறுபடி பாயை விரிக்கணும். நான் அவளை ஒண்ணும் பண்ணலயே. பேர்ச் சீட்டை உரிச்சு ஒட்டி, டியூபை மட்டும்தான் மாத்தினேன். அவளோடதைக் காயல்ல போட்டேன். அவ்வளவுதான்.”

குருசாமி குனிந்து, அவர் கழுத்து மாலையைக் கழற்றி எடுத்துக்கொண்டார்.

ஸ்டேஷனிலிருந்து சப் இன்ஸ்பெக்டர் மப்டியில் வந்தார். வாக்குமூலம் வாங்க வெங்கிடாசலத்தோடு எல்லோரும் நர்சிங் ஹோமுக்குப் போனார்கள். டாக்டர் வாசலிலேயே காத்திருந்தார்.

“தாங்கிட்டாங்க,” என்றார். “காய்ச்சல் இறங்க ஆரம்பிச்சிருக்கு. சிறுநீரும் வருது. இன்னும் ஒரு வேளை தாமதிச்சிருந்தா...” வாஞ்சிநாதனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அறையில் வாஞ்சிநாதன் சுருக்கமாகத்தான் சொன்னார். சொல்லும்போது அவர் சீதாலக்ஷ்மியைப் பார்க்கவில்லை. அம்பிளி பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தாள். அவள் அழவில்லை.

“எனக்குப் பிரியாணி வாசம் வந்துச்சு, அண்ணே,” என்றாள் மின்விசிறியைப் பார்த்தபடி. “நேத்து போட்ல போயிட்டு வந்து எனக்கு நெத்தி துடைச்சுவிட்டார். கையில ஏலக்காயும் கறியும் மணத்துச்சு. பாவம் மனுஷன், ரெண்டு வருஷமா ஆஸ்பத்திரிக் கஞ்சியைத்தானே குடிக்கிறார், ஆசைக்குத் தின்னுட்டாருன்னு நெனச்சேன். சாமி குத்தம் ஆயிடுமேன்னு பயந்து, அந்தப் பாவத்தை அவருக்குக் குடுக்காதே, எனக்குக் குடுன்னு வேண்டிக்கிட்டேன்.”

அம்பிளி போர்வையை இழுத்து அவள் காலை மூடினாள்.

“வாக்குமூலம் குடுங்கம்மா. ஆளைக் கொண்டுபோயிடறோம்,” என்றார் சப் இன்ஸ்பெக்டர்.

“குடுக்கறேன் சார். எந்திரிச்சு உக்காந்து என் கையாலயே எழுதிக் குடுக்கறேன். இப்ப முடியாது.” அவள் குரல் மெலிந்துதான் இருந்தது, ஆனால் நடுங்கவில்லை. “அது வரைக்கும் அவர் இங்கயே இருக்கட்டும். அந்த ஸ்டூல்ல. நீங்க வாசல்ல ஆள் போட்டுக்கோங்க. மருந்து, கஞ்சி, ரத்தம் எதையும் அவர் தொடக் கூடாது. அதெல்லாம் அம்பிளி பாத்துக்குவா. அவர் உக்காந்து பாத்தாப் போதும். நான் பொழைக்கிறதை அவர் பாக்கணும்.”

வெங்கிடாசலம் சப் இன்ஸ்பெக்டரின் கையைப் பிடித்தார். “சார், என்னை ஸ்டேஷனுக்கே கூட்டிட்டுப் போங்க.”

அவரை ஸ்டூலில் உட்கார வைத்தார்கள்.

அந்த நேரம் பார்த்துத் தெருக்காரி சீனியம்மாள், தூக்குச் சட்டியில் கஞ்சியோடு உள்ளே வந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. வாசலில் நின்றவரை மப்டிப் போலீஸ் என்றும் தெரியாது. காய்ச்சல் இறங்கிவிட்டது என்று கேட்டதும் வாயெல்லாம் பல்லாகி வெங்கிடாசலத்திடம் போனாள். அவர் கழுத்தைப் பார்த்தாள். கண் விரிந்தது.

“சாமி! மாலை எங்கே? பொண்டாட்டியை விட்டுட்டு மலைக்குப் போக மாட்டேன்னு கழட்டிட்டீங்களா?” இரண்டு கையையும் கூப்பினாள். கண்ணில் நீரே வந்துவிட்டது. “இப்படியும் ஒரு ஆம்பளை! சீதா, நீ எந்தக் கோவில்ல விளக்குப் போட்டு இவரை வாங்கினே?”

வெங்கிடாசலம் தலையைக் குனிந்துகொண்டார்.

“ஆமாக்கா,” என்றாள் சீதாலக்ஷ்மி, அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். “ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லுங்க. நாளைக்கு எல்லாரும் வந்து இவரைக் கும்பிட்டுட்டுப் போகட்டும்.”